மீண்டும் அறுகம்குடாவுக்கு: நண்பர்களோடு அலைச்சறுக்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை ஒட்டியிருக்கும் அறுகம்குடாவுக்கு ஒருமுறை போய் அலையேறிவிட்டு வந்தவர்கள் அடுத்த முறை தனியாகப் போவது அரிது. ஊரிலிருக்கும் நான்கைந்து நண்பர்களையும் சேர்த்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பும் குழுக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், விடைகளை ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. குழுவில் ஒருவராவது முன்பே அங்கே போனவர், மற்றவர்கள் புதியவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

ஏற்கெனவே பார்த்த இடத்துக்கே மறுபடியும் ஏன் போக வேண்டும்? மாலத்தீவு, பாலி என்று புதிதாக ஒரு தீவைப் பார்க்கலாமே?

ஊர் சுற்றுவதற்கென்றால் புது இடம்தான் சரி. அலைச்சறுக்கில் கணக்கு வேறு. அலை எந்த இடத்தில் எழும்புகிறது, கரையிலுள்ள எந்த மரத்தையோ கட்டடத்தையோ நேர்கோட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், காற்று எத்தனை மணிக்குத் திரும்பும், எந்த நீரோட்டம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பவற்றையெல்லாம் ஓரளவு புரிந்துகொள்வதற்குள் முதல் பயணம் முடிந்துவிடும். அந்த அறிவுக்கு இரண்டாம் பயணத்தில்தான் வேலை வருகிறது. ஆகவே இடத்தை மாற்றாமல், போகும் மாதத்தையும் கடலில் இறங்கும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. போன முறை போன அதே மாதம், அதே விடுதி, அதே பாயிண்ட் (கரைமுனையை ஒட்டி அலை உடையும் இடம்) என்று அச்சுப் பிசகாமல் திட்டமிடுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். கடல் யாருக்காகவும் போன வருடத்து அலையைப் பத்திரப்படுத்தி வைப்பதில்லை.

எந்த மாதம் போவது நல்லது?

கிழக்குக் கரையின் பருவம் ஏப்ரல் கடைசியில் மெல்லத் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கிறது. இந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, நடுவிலுள்ள மலைகளைத் தாண்டி வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மக்கள் கச்சான் காற்று என்று அழைப்பது இதைத்தான். மேல் சுடும்; தொண்டை வறளும். ஆனால் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் எழும் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி, சுருக்கமில்லாமல் வைத்திருக்கிறது. காலைப் பொழுதில் அறுகம்குடாவின் அலை அவ்வளவு ஒழுங்காக இருப்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். வெயில் ஏறியபின் கடற்காற்று எழுந்து எதிர்த்திசையில் வீசத் தொடங்கும்போது நீரின் மேற்பரப்பு கலங்கிவிடும்.

பருவத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கூட்டம் குறைவு. அலை சில நாள் நன்றாகவும் சில நாள் சோம்பியும் இருக்கும். புதிதாகக் கற்கும் நண்பர்கள் குழுவில் அதிகமென்றால் இந்த மாதங்களையே சொல்வேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அலையும் பெரிது, கூட்டமும் பெரிது, அறை வாடகையும் பெரிது. செப்டம்பர் எனக்குப் பிடித்த மாதம்: ஐரோப்பியர்களின் விடுமுறை முடிந்து கூட்டம் கரையத் தொடங்கியிருக்கும், அலையோ இன்னும் வந்துகொண்டிருக்கும். அக்டோபரில் இடியும் மழையும் தலைகாட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிப்பதால் அலை உருவமிழந்து கிடக்கும், பல விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

எங்களுக்கு டிசம்பரில்தான் விடுமுறை. என்ன செய்வது?

அறுகம்குடாவை மறந்துவிட்டுத் தீவின் தென்மேற்குக் கரைக்குப் போங்கள். ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஹிக்கடுவை, அகங்கமை, மிதிகம, வெலிகம ஆகிய ஊர்களில் பருவம். வெலிகமவின் விரிகுடா மணல் தரையும் மென்மையான அலையும் கொண்டது. முதல்முறை பலகையில் எழுந்து நிற்க அதைவிட இணக்கமான இடம் இலங்கையில் இல்லை. தீவு ஒன்றுதான் என்றாலும் இரண்டு கரைகளின் நாட்காட்டியும் நேரெதிரானவை என்பதை விமானச் சீட்டு எடுக்குமுன் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

அலை வருமா வராதா என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். அறுகம்குடாவில் உடையும் அலைகள் அங்கே பிறந்தவையல்ல. பூமத்தியரேகைக்கு வெகு தெற்கே, அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வீசும் புயல்களால் எழுந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து வருபவை. இரண்டு அலை முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் 15 விநாடி என்றால், அந்த அலைக்கூட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நகரும். எனவே தெற்கே ஒரு பெரும் புயல் எழுந்தால், அதன் அலை கிழக்குக் கரையைத் தொட ஐந்தாறு நாள் ஆகும். முன்னறிவிப்புத் தளங்கள் ஒரு வாரத்துக்கு முன்பே துணிந்து சொல்வதன் அடிப்படை இதுதான்.

முன்னறிவிப்பைப் படிக்கும்போது உயரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 1.5 மீட்டர் உயரமும் 8 விநாடி இடைவெளியும் கொண்ட அலையைவிட, 1 மீட்டர் உயரமும் 15 விநாடி இடைவெளியும் கொண்ட அலை முனையைச் சுற்றி வளைந்து வந்து, அழகாகவும் வலுவாகவும் உடையும். இடைவெளி நீளமென்றால், ஒரு செட்டுக்கும் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் தொகுப்பு) அடுத்த செட்டுக்கும் நடுவே கடல் வெகுநேரம் அமைதியாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கரையிலிருந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணுமில்லைடா" என்று இறங்கிப் போய் நடுக்கடலில் திகைத்து நிற்கும் நண்பர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு. இருபது நிமிடமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓத வேறுபாடு இலங்கையில் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஓத அட்டவணையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் பாறை மேல் நீர் ஆழமில்லாத இடங்களில் அந்தச் சிறு வேறுபாடும் உணரப்படும்.

எங்களில் இருவர் நன்றாக ஏறுவோம், இருவர் சுமார், இருவர் பலகையையே தொட்டதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கலாமா?

இறங்கக் கூடாது. குழுவாகப் போகிறவர்கள் செய்யும் மிகப் பெரிய பிசகு இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஊருக்குத் தென்முனையில் இருப்பது மெயின் பாயிண்ட். தெற்கிலிருந்து வரும் அலை முனையில் மோதி வளைந்து, குடாவுக்குள் நீண்ட வலப்பக்க அலையாக, அதாவது ஏறுபவரின் வலப்பக்கமாக ஓடும் அலையாக, உடைகிறது. நல்ல நாளில் சில நூறு மீட்டர் தூரம் ஒரே அலையில் வரலாம். தரை பவளமும் பாறையும். காலையில் இருள் பிரியும் நேரத்தில், மணலில் ஏற்றிவைத்த மீன்பிடிப் படகுகளைக் கடந்து, பலகையை இடுக்கிக்கொண்டு முனையை நோக்கி வரிசையாக ஆட்கள் நடப்பதைப் பார்க்கலாம். அங்கே கணுக்கால் நீரில், வழுக்கும் பாறைமேல் நின்றபடி ஒரு செட் முழுவதும் போகும்வரை காத்திருந்து, கடைசி அலையின் நுரை பின்வாங்கும்போது அதனோடு சேர்ந்து பாய்ந்து கைகளால் துடுப்பிட வேண்டும். ஒரு நொடி தயங்கினால் அடுத்த அலை பாறைமேல் தூக்கிப் போடும். இந்த நுழைவைச் செய்யத் தெரியாதவருக்கு மெயின் பாயிண்ட்டில் வேலையில்லை.

அதே குடாவின் உள்பக்கம், முனையால் மறைக்கப்பட்ட சிறிய அலைதான் பேபி பாயிண்ட். பெயருக்கேற்பக் கற்றுக்கொள்வோருக்கானது. பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இங்கேதான் அழைத்துவரும். ஆனால் இங்கும் சில இடங்களில் தரையில் பாறை உண்டு. தலைகீழாகக் குதிக்க வேண்டாம், விழும்போது தட்டையாக விழுங்கள் என்று புதியவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பாயிண்ட் இருக்கிறது. முச்சக்கர வண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரலாம். அலை மென்மையானது, நீளமானது. மெயின் பாயிண்ட் சோம்பியிருக்கும் நாளிலும் இங்கே ஏதாவது இருக்கும். பலகையில் எழுந்து நிற்கப் பழகி, பக்கவாட்டில் திரும்பக் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு இதுதான் பள்ளிக்கூடம். அதே வடக்குப் பக்கத்திலுள்ள பொத்துவில் பாயிண்ட் ஆளரவமற்ற மணல்மேட்டின் ஓரமாக வெகுதூரம் ஓடும் அலை. ஆனால் அது வேலை செய்ய அலை பெரிதாக இருக்க வேண்டும், மணலும் சரியாகப் படிந்திருக்க வேண்டும். பருவத்தின் பிற்பாதியில்தான் பெரும்பாலும் அது வாய்க்கும்.

தெற்கே பாணமை போகும் சாலையில் எலிஃபண்ட் ராக், பீநட் ஃபார்ம் ஆகியவை இருக்கின்றன. பீநட் ஃபார்மில் முனைக்கு வெளியே ஒரு வேகமான அலையும் உள்ளே ஒரு சாதுவான அலையும் உடைவதால், பல தரத்தில் ஆட்களுள்ள குழு ஒரே கரையில் இருந்துகொண்டே வெவ்வேறு அலைகளில் இறங்க வசதி. ஆறு பேர் ஒரே வண்டியில் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டுமென்றால் நான் பீநட் ஃபார்மைத்தான் சொல்வேன். இன்னும் தெற்கே, குமண வனத்தின் வாசலிலுள்ள உகந்தையில் வலுவான அலை உண்டு. அது தேர்ந்தவர்களுக்கு மட்டும். உதவிக்கு அருகில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழுவில் மிகக் குறைவாகத் தெரிந்தவருக்கு, மறுநாள் மிக நன்றாகத் தெரிந்தவருக்கு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது.

ஒரு நண்பருக்கு நீச்சலே தெரியாது. பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டியிருப்பாரே, போதாதா?

போதாது. லீஷ் அறுந்துபோகும் பொருள். ஆழமான நீரில் பலகையில்லாமல் பத்து நிமிடமாவது பதற்றமின்றி மிதக்கத் தெரியாதவர் இடுப்பளவு நீருக்கு அப்பால் போகக் கூடாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே நீச்சல் வகுப்பில் சேரச் சொல்லுங்கள்; சேரவில்லையென்றால் கரையிலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பதை எல்லோரும், நன்றாக நீந்துகிறவர்கள் உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

மெயின் பாயிண்ட்டில் உள்ளூர்க்காரர்கள் கோபப்படுகிறார்கள் என்கிறார்களே?

காரணமில்லாமல் யாரும் கோபப்படுவதில்லை. அலையின் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் எழுந்தபின் அவருக்கு முன்னால் இன்னொருவர் அதே அலையில் எழுவதுதான் டிராப் இன் எனப்படும் பெருங்குற்றம். காத்திருப்பவர்களைச் சுற்றிக்கொண்டு போய் மீண்டும் மீண்டும் உச்சியருகே உட்கார்ந்துகொள்வது அதற்கடுத்தது. துடுப்பிட்டு வெளியே போகும்போது அலையில் வருபவரின் பாதையில் குறுக்கிடாமல், தேவையானால் நுரையை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகப் போக வேண்டும். பலகையைக் கைவிட்டுவிட்டு நீருக்கடியில் மூழ்குவது பின்னால் வருபவரின் தலையைப் பதம் பார்க்கும்.

நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது இதில் ஒரு தனிச் சிக்கல் சேர்கிறது. ஆறு பேர் ஒன்றாக வந்து அலைக்காகக் காத்திருக்கும் இடமான லைன் அப்பில் உட்கார்ந்து, உரக்கப் பேசி, ஒருவர் அலையை மற்றவர் பங்குபோட்டுக்கொள்வது, அங்கே தினமும் இறங்கும் உள்ளூர் இளைஞர்களுக்கு எரிச்சலூட்டாமல் எப்படி இருக்கும்? இருவர் இருவராகப் பிரிந்து, சற்று இடைவெளிவிட்டு இறங்குங்கள். முதல் நாள் ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் விட்டுவிடும் சிறு அலைகளை எடுங்கள். அங்கே பெரும்பாலோர் தமிழ் பேசுவார்கள் என்பது நமக்குப் பேச்சுத் துணைக்கு உதவும். அலையில் முன்னுரிமை எதையும் அது தந்துவிடாது. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை நெரிசல் உச்சத்தில் இருக்கும். எட்டரைக்கு மேல் பலர் பசியாறக் கிளம்புவார்கள். காற்று திரும்பும்வரை கிடைக்கும் அந்த நேரத்தை முதல்முறை வருகிறவர்கள் தவறவிடுகிறார்கள்.

நான் வலக்காலை முன்வைத்து நிற்பவன். எல்லாமே வலப்பக்க அலை என்றால் எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

உண்மைதான், அந்தக் கரையின் பெயர்பெற்ற பாயிண்ட்கள் அனைத்தும் வலப்பக்க அலைகளே. அலைக்கு முதுகு காட்டியபடிதான் நீங்கள் ஏற வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாள் அலுப்பாக இருக்கும். பிறகு பின்னோக்கித் திரும்பும் உத்தி, வேறெங்கும் வராத அளவுக்குக் கைவந்துவிடும். சென்னை அருகே கோவளம் பாயிண்ட்டில் பழகியவர்களுக்கு வலப்பக்க அலை புதிதல்ல.

சொந்தப் பலகையைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

கற்றுக்கொள்வோர் வாடகைக்கே எடுக்கட்டும். மேற்பரப்பு மென்மையான எட்டு, ஒன்பது அடி ஃபோம் போர்டுகள் தெருவெங்கும் கிடைக்கும். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, அதே எண்ணுக்குக் குறையாத லிட்டர் கொள்ளளவுள்ள பலகையாகக் கேளுங்கள். 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு 70 லிட்டருக்கும் குறைந்த பலகை தந்தால் வாங்க வேண்டாம். எடுக்கும்போதே பலகையின் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, ஏற்கெனவேயுள்ள விரிசலையும் ஒட்டுகளையும் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் வாக்குவாதங்களில் பாதி இதனால் குறையும்.

நடுத்தரத்துக்கு மேலுள்ளவர்கள் தமக்குப் பழகிய பலகையைக் கொண்டுபோகலாம். ஆனால் பலகையின் நீளம், எடை, கட்டணம் பற்றிய விதிகள் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; சீட்டு எடுக்குமுன் எழுத்துவடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலகையின் அடியிலுள்ள ஃபின்களை (துடுப்புகளை)க் கழற்றி, முனையையும் வாலையும் துண்டுகளால் சுற்றிக் கட்ட வேண்டும். கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும், வெப்பக் கடலுக்குரிய வாக்ஸ் (மெழுகு), ஒரு மாற்று லீஷ், ஃபின் சாவி ஆகியவற்றை மறக்க வேண்டாம். அதிகாலையில் ஃபின் சாவி தேடி அலையும் குழுவைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

கொழும்பிலிருந்து எப்படிப் போவது?

இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்கு வரும் ஏ4 சாலைதான் பழைய பாதை. ஏறத்தாழ 320 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு பகல் முழுக்கவோ ஓரிரவோ ஆகும். 2020இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை அம்பாந்தோட்டைப் பக்கம்வரை நீட்டிக்கப்பட்டபின், வேனை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளும் குழுக்கள் அவ்வழியே தெற்கே போய், பிறகு வடக்கே திரும்பி மொனராகலையைப் பிடிக்கின்றன. முன்பு போனபோது பழைய பாதையில் இடுப்பொடிந்தவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கவும். பேருந்தில் பலகை கொண்டுபோவது ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. ஆறு பேருக்கும் பலகைகளுக்குமாக ஒரு வேன் என்பது, தலைக்கு வகுத்துப் பார்த்தால், நினைப்பதுபோல் அதிகமில்லை. இலாகுகலை வழியாக வரும் கடைசிப் பகுதியை இருட்டுமுன் கடக்கும்படி கிளம்புங்கள். யானைகள் சாலையில் நிற்கும்.

போன முறை எழுதிவைத்த செலவுக் கணக்கு இப்போது பயன்படுமா?

2022க்கு முன் போனவர் என்றால் பயன்படாது. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்கு முன்பு ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாயாக இருந்தது, பிறகு 300ஐ ஒட்டிய நிலைக்குப் போய்விட்டது. விலைவாசியும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. பழைய கணக்கைக் காட்டி முச்சக்கர வண்டிக்காரரிடம் பேரம் பேசுவது அழகல்ல. விசாவுக்கு இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு.

பொதுச் செலவுக்கு ஒருவரைப் பொருளாளராக்கி, எல்லோரிடமும் முதல் நாளே ஒரு தொகை வாங்கிவிடுவது நல்லது. பலகை வாடகையைப் பொதுக்கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒருவர் உடைத்த பலகைக்கு இன்னொருவர் பணம் கொடுத்த நட்பு வெகுநாள் நிலைப்பதில்லை.

எங்கே தங்கலாம்?

மெயின் பாயிண்ட்டுக்கு நடந்து போகும் தொலைவில், உல்லைப் பகுதியில் தங்குவதே எளிது. இசையும் விருந்தும் நடக்கும் இடங்களுக்கு நேர் எதிரே அறை எடுத்தால் அதிகாலையில் எழ முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது; குடாவையும் பொத்துவிலையும் இணைத்த பாலமும் அதில் சிதைந்தது. இன்று நீங்கள் கடக்கும் பாலம் அதன்பின் கட்டப்பட்டது. விடுதியில் சேர்ந்த அன்றே, மேட்டுநிலத்துக்குப் போகும் வழி எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையில் உரசிக் காயம் பட்டால்?

பவளக் கீறலைச் சிறிது என்று விட்டுவிட்டால் இரண்டே நாளில் சீழ்பிடிக்கும். உடனே நன்னீரும் சோப்பும் கொண்டு, வலித்தாலும் தேய்த்துக் கழுவி, உள்ளே துகள் எதுவும் இல்லையென்று உறுதிசெய்து, கிருமிநாசினி தடவுங்கள். காயம் ஆறும்வரை கடலில் இறங்காதிருப்பது உத்தமம். கடல் முள்ளெலியை மிதித்துவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் பாதத்தை வைத்திருந்தால் வலி குறையும். ஆழமாகப் புதைந்த முள்ளை ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். பொத்துவிலில் அரசு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு நாடு முழுவதும் 1990 என்ற எண். இந்திய அரசின் நிதியுதவியோடு 2016இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை கட்டணமற்றது. அலைச்சறுக்கை உள்ளடக்கிய பயணக் காப்பீடா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் அதைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகின்றன.

முதலை இருக்கிறதாமே?

கடலில் அல்ல, களப்புகளில், அதாவது காயல்களில், இருக்கிறது. பாயிண்ட்களுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் உப்புநீர்க் களப்புகள் எல்லாமே முதலைகளின் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் எலிஃபண்ட் ராக்கை ஒட்டிய களப்பின் ஓரத்தில் ஒரு பிரித்தானிய இளம் பத்திரிகையாளர் முதலைக்குப் பலியானார். காலைக் கழுவவோ, பலகையை அலசவோ, சிறுநீர் கழிக்கவோ களப்போரம் போக வேண்டாம். பாணமைச் சாலையில் அந்திக்குப் பின் இருசக்கர வண்டியில் திரும்புவதும் யானைகளால் ஆபத்தானது. மாலை அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

2024இல் ஏதோ எச்சரிக்கை வந்ததே, இப்போது போகலாமா?

2024 அக்டோபர் 23ஆம் நாள், அறுகம்குடாவின் சுற்றுலா இடங்களுக்குத் தாக்குதல் அச்சுறுத்தல் இருப்பதாக அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்தது. இலங்கை அரசு பாதுகாப்பை இறுக்கிச் சிலரைக் கைதும் செய்தது. அதன்பின் வந்த பருவங்களில் அங்கே காவல்துறையின் நடமாட்டத்தையும் சோதனைச் சாவடிகளையும் காணலாம். கடவுச்சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டால் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். கிளம்பும் வாரத்தில் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஊர் மக்களோடு எப்படி நடந்துகொள்வது? எங்கள் குழுவில் பெண்களும் இருக்கிறார்கள்.

பொத்துவிலில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. தமிழர்களும் சிங்களவர்களும் உண்டு. தெற்கே பாணமை சிங்களக் கிராமம். கடற்கரையில் நீச்சலுடை யாருக்கும் புதிதல்ல, ஆனால் அதே உடையோடு பொத்துவில் கடைத்தெருவுக்குள் போவது மரியாதையில்லை. தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஆடையொன்றைப் பையில் வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும். பௌர்ணமி நாளான போயாவில் நாடெங்கும் மது விற்பனை கிடையாது.

பெண்களைப் பொறுத்தவரை, 2018இல் தொடங்கிய அறுகம்குடாப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் இலங்கையின் முதல் பெண்கள் கழகம். அதில் உள்ளூர்ப் பெண்கள், தாய்மார் உட்பட, கடலில் இறங்குகிறார்கள். அவர்களோடு பேசிப் பழகினால் எந்த நேரம், எந்த இடம் வசதி என்பதை நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். இருட்டியபின் ஆளில்லாத கரைகளில் தனியே நடப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்.

சாப்பாடு?

கவலையே வேண்டாம். காலையில் கடலிலிருந்து வந்ததும் இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் தேங்காய்ச் சம்பலும். பகலில் சோறும் மீன்கறியும். சட்டியில் உறைந்த எருமைத் தயிர் கிழக்கின் கொடை; கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியோடு சாப்பிட வேண்டும். அதைச் சாப்பிட்ட உடனே கடலில் இறங்க முயல வேண்டாம். முதன்மைச் சாலையில் வெளிநாட்டவருக்கான உணவகங்களில் விலை கூடுதல், பொத்துவில் சாப்பாட்டுக் கடைகளில் குறைவு.

அலை இல்லாத நாளில் என்ன செய்வது?

முதலில் தூங்குங்கள், தோள்பட்டைக்கு அது தேவை. பிறகு பொத்துவில் களப்பில் கண்டல் காட்டுக்குள் தோணியில் போகலாம். குமண தேசியப் பூங்காவில் பறவைகளையும், வாய்ப்பிருந்தால் சிறுத்தையையும் பார்க்கலாம். ஆடி மாதத்தை ஒட்டிப் போகிறவர்கள் உகந்தை முருகன் கோயிலுக்கு ஒருநடை போக வேண்டும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்தே வரும் கதிர்காமப் பாதயாத்திரையினர் அங்கே கூடி, காட்டுப் பாதை திறக்கப்பட்டதும் குமண, யால வனங்களின் ஊடாகக் கதிர்காமத்துக்குப் புறப்படுவார்கள். காவியும் வேலும் அரோகரா ஓசையுமாக அந்தக் கூட்டம் மணலில் தங்கியிருக்க, கூப்பிடு தொலைவில் அலை உடைந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் பலகையோடு கோயில் வாசலில் போய் நிற்காமல், குளித்து, முறையான உடையில் போங்கள்.

எத்தனை நாள் போதும்?

பத்து நாள் கிடைத்தால் நல்லது. ஒரு வாரத்துக்குக் குறைவென்றால், ஒரு நல்ல அலைக்கூட்டம் வந்து போகும் இடைவெளியில் நீங்கள் சிக்காமலே போகலாம். பத்து நாளையும் ஒரே ஊரில் கழியுங்கள். நடுவில் எல்ல, கண்டி என்று ஓடினால் நீங்கள் மலையிலிருக்கும் நாளில்தான் கடல் எழும்பும்.

பலகை உடைந்துவிட்டால்?

சிறு விரிசலானாலும் உடனே நீரிலிருந்து வெளியே எடுங்கள்; உள்ளே நீர் ஊறினால் பலகை கனத்துப் பாழாகும். நிழலில் சாய்த்து வைத்து, முழுக்கக் காய்ந்தபின் பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள். உல்லையில் அத்தகைய கடைகள் உண்டு. வேலையும் சுத்தமாக இருக்கும். நடுவில் இரண்டாக முறிந்ததை ஒட்டவைக்கச் செலவழிக்க வேண்டாம். சற்று நல்ல நிலையிலுள்ள பழைய பலகையோ, லீஷோ, ஃபின்களோ உங்களுக்குத் தேவையில்லை என்றால் திரும்பத் தூக்கிக்கொண்டு வராமல், அங்கே கற்றுக்கொள்ளும் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். இறக்குமதிப் பொருளின் விலை அங்கே மிக அதிகம்.